ஊர் ஓடும்போது



‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பது நம் பழமொழி. ஊரே தவறான வழியில் ஓடினால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இரண்டு அமெரிக்க நாவல்களில் விடை தேடுவோம்.

முதலாவது, மார்க் டுவெய்ன் எழுதி 1885இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹக்கிள்பரி ஃபின்’. ஷெர்பர்ன் என்ற கர்னல், குடிபோதையில் தம்மை ஏசிய பாக்ஸ் என்பவனை நடுத்தெருவில் சுட்டுக் கொல்கிறார். ஊரார் துணி காயப்போடும் கொடிக்கயிறுகளை எடுத்துக்கொண்டு, அவரைத் தூக்கிலிட ஓடுகிறார்கள். அவரோ துப்பாக்கியுடன் தனியே எதிர்வந்து நிற்கிறார். அவர்களுடைய துணிவெல்லாம் கூட்டத்திடம் வாங்கிய கடன் என்று எள்ளி நகையாடுகிறார். கூட்டம் சிதறி ஓடுகிறது.

அவர் சொன்னது மெய்தான். ஆனால், கைகளை உயர்த்திக் கெஞ்சியவனைக் கொன்றவரை நாம் வீரர் என்போமா?

இரண்டாவது, ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பர்ட்’. கதை 1930களில், அலபாமா மாநிலத்தில் நடக்கிறது. டாம் ராபின்சன் என்ற கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி மீது பொய்ப்பழி விழுகிறது. அவருக்காக வாதாடும் வழக்கறிஞர் அட்டிகஸ், விசாரணைக்கு முந்திய இரவு சிறை வாசலில் காவல் இருக்கிறார். கையில் இருப்பது செய்தித்தாள் மட்டுமே. டாமைக் கொல்ல ஆட்கள் கார்களில் வந்து இறங்குகிறார்கள்.

அப்போது அட்டிகஸின் சின்னஞ்சிறு மகள் ஸ்கௌட் ஓடி வருகிறாள். கூட்டத்தில் தன் பள்ளித்தோழனின் தந்தை கன்னிங்காமைக் கண்டுகொள்கிறாள். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் மகனைத் தான் விசாரித்ததாகச் சொல்லும்படி கேட்கிறாள்.  பிறகு அவள் முன் குந்தியமர்ந்து, சொல்வதாக ஒப்புக்கொள்கிறார். மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார். கூட்டத்தில் கரைந்து போயிருந்த தகப்பன் மறுபடி மனிதனாகிவிட்டான்.

நேயர்களே, அட்டிகஸ் வழக்கில் தோற்றார். டாம் பின்னர் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுடப்பட்டு இறந்தார். துணிவு எப்போதும் வெற்றி தருவதில்லை. ஆயினும் அந்த நடுவர் குழுவில் டாமை விடுவிக்க வேண்டுமென்று முதலில் நின்றவர் ஒருவர் உண்டு. அவர் யார் தெரியுமா? அதே கன்னிங்காமின் உறவினர்தான்! அன்றிரவு ஒரு சிறுமி சொன்ன சொல் வீண் போகவில்லை.

ஆகவே, ஒருவன் ஓடினால் மட்டுமல்ல, ஊரே ஓடினாலும் நாம் கேட்டே ஓடுவோம். நம் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுப்போம்.