புதிய மிதிவண்டி ஏன் கனக்கிறது?



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர்க்கு மிதிவண்டி விளையாட்டுப் பொருளன்று. நாள்தோறும் உடன் உழைக்கும் துணை. கொல்கத்தா போன்ற சமதரை நகரில் அது பேருந்துச் செலவையும் காத்திருக்கும் நேரத்தையும் ஒருங்கே மிச்சப்படுத்துகிறது. ஆயினும் ஆசையோடு புது வண்டி வாங்கிய சிலர், பத்து நாளைக்குள் அதை மாடிப்படியின் கீழே சாத்தி வைத்துவிடுகின்றனர். காரணம் கேட்டால், "மிதிக்க முடியவில்லை; வயதாகிவிட்டது போலும்" என்பர். வயதின்மேல் பழி சுமத்துமுன் வண்டியை ஒருமுறை விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

புதியது என்றாலே குறையற்றது என்று எண்ணுவது நம் இயல்பு. மிதிவண்டியைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது. 1949-இல் நிறுவப்பட்ட அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆகட்டும், 1950-களில் வங்காளத்தில் ஆசன்சோலை அடுத்த கன்யாப்பூரில் இயங்கிப் பின்னாளில் மூடப்பட்ட சென்-ராலே ஆகட்டும், தொழிற்சாலையின் வேலை உறுப்புகளைச் செம்மையாகச் செய்து அனுப்புவது. வண்டி பெரும்பாலும் பகுதி பகுதியாகவே கடைக்கு வந்து சேருகிறது. சக்கரம் பூட்டி, பிரேக் பொருத்தி, சங்கிலி மாட்டி அதை வண்டியாக்குபவர் கடையில் உள்ள தொழிலாளி. அன்று அவருக்கு வேலை மிகுந்திருந்தால், ஒரு திருகு கால் சுற்று அதிகமாக முடுக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கால் சுற்றின் சுமையைத்தான் நம் கால்கள் நாள்தோறும் இழுக்கின்றன.

குறை எங்கே இருக்கிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காற்று வீசாத வேளையில், சமதரையான சந்து ஒன்றில், நிதானமான வேகத்தில் வண்டியை ஓட்டி, ஓர் அடையாளத்தை எட்டியதும் மிதிப்பதை நிறுத்திவிட வேண்டும். வண்டி தானாக எவ்வளவு தூரம் உருண்டு செல்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு நன்றாக ஓடும் என்று தெரிந்த வேறொரு வண்டியில், அதே இடத்தில், அதே வேகத்தில் இதையே செய்ய வேண்டும். நம் வண்டி விரைவில் நின்றுவிட்டால் குறை டயரிலோ, பிரேக்கிலோ, சக்கரத்தின் அச்சிலோ இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு உருண்டு, மிதிக்கும்போது மட்டும் நம் வண்டி கனத்தால், குறை சங்கிலியிலோ, மிதிகட்டையிலோ, இருக்கையின் உயரத்திலோ, பல்சக்கரக் கணக்கிலோ இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தியதும் ஃபிரீவீல் சங்கிலியைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடுகிறது; ஆதலின் உருளும் வண்டியில் சங்கிலிக்கும் மிதிகட்டைக்கும் வேலை இல்லை. ஒரே ஒரு சோதனையால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

லேக் மார்க்கெட் வட்டாரத்தில் குடியிருக்கும் நம் நண்பர் ஒருவர், ஐம்பதை நெருங்குபவர், புது வண்டியோடு இரண்டு வாரம் மல்லாடிவிட்டு அதை விற்றுவிடவே முடிவு செய்திருந்தார். ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், அவருடைய அலுவலகத் தோழரின் பன்னிரண்டு ஆண்டுப் பழைய வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பழைய வண்டி ஏறத்தாழ இரு மடங்கு தூரம் உருண்டது. முன் பிரேக் கட்டை ரிம்மை உரசிக்கொண்டிருந்ததும், பின் சக்கரத்தின் கோன் இறுகியிருந்ததும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டன. அவருடைய முழங்கால்களில் யாதொரு குற்றமும் இல்லை.

இனி ஒவ்வொன்றாகக் காண்போம். முதலில் காற்று. மென்மையான டயர் தரையில் பட்ட இடமெல்லாம் நசுங்கி நிமிர்கிறது. நம் உழைப்பின் ஒரு பகுதி அந்த நசுங்கலிலேயே வெப்பமாகிக் கழிகிறது. கடையில் பல நாள் நின்ற வண்டியில் காற்றுக் குறைந்திருப்பது இயற்கை. கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது போதாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவை ஒட்டியே காற்றடிக்க வேண்டும். அடித்த காற்று இரண்டே நாளில் இறங்கினால் வால்வு டியூப் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்டுப் பாதைக்கென அமைந்த பருத்த, முரட்டுப் பற்கள் கொண்ட டயரை அழகு கருதி வாங்கியவர்க்கு ஒரு சொல்: தார்ச்சாலையில் அது எப்போதும் சற்றுக் கனக்கவே செய்யும், அது குறையன்று, அதன் குணம்.

இரண்டாவது, பிரேக். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். இடைவிடாமல் உரசும் ஒலி வந்தால் பிரேக் கட்டை நெருங்கியிருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது. கம்பிகளை முடுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுக்க வேண்டும். மட்கார்டும் செயின் கவரும் எங்கேனும் தொடுகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, சக்கரத்தின் அச்சு. முன் சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டால், கனமான பக்கம் கீழே வந்து, ஊசல்போல இப்படியும் அப்படியும் ஆடி அடங்க வேண்டும். ஆடாமல் சட்டென்று நின்றால் கோன் இறுகியிருக்கிறது. பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடினால் தளர்ந்திருக்கிறது. பின் சக்கரம் ஃபிரீவீலின் உராய்வினால் கொஞ்சம் விரைவில் நிற்பது இயல்பே. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். புதுக் கிரீஸின் தடிப்பு ஓட ஓட இளகும் என்பது உண்மை. ஆனால் இறுகிய கோன் அவ்வாறு இளகுவதில்லை. எஃகுக் குண்டுகள் தாம் ஓடும் பாதையையே குழி பறித்துவிடும். இன்று ஒரு ஸ்பேனரால் தீரும் குறை, சில மாதங்களில் உறுப்பையே மாற்றும் செலவாகிவிடும். ஆதலின் இதில் பொறுமை காட்டலாகாது.

வண்டி நன்றாக உருண்டும் மிதிக்கக் கனத்தால், சங்கிலியைப் பார்க்க வேண்டும். நடுவில் விரலால் அசைத்தால் அது அரை அங்குல அளவு மேலும் கீழும் ஆட வேண்டும். தந்திபோல விறைத்திருந்தால் பின் அச்சைச் சிறிது முன்னே தள்ளிப் பூட்ட வேண்டும். பிறகு சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு மிதிகட்டைத் தண்டைச் சுழற்றினால், அதன் அச்சின் இறுக்கம் கைக்குத் தெரியும்.

அடுத்தது இருக்கை. பெரும்பாலோர் அதை மிகத் தாழ்த்தி வைத்துக்கொள்கின்றனர். முழங்கால் மடங்கியபடியே மிதித்தால் தொடையின் வலிமை முழுதும் பயன்படாது, வலியும் உண்டாகும். இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டை மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம்.

எல்லாம் சரியாக இருந்தும் கனத்தால் பற்களை எண்ணுக. முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள 28 அங்குல வண்டி, மிதிகட்டையின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.5 மீட்டர் செல்லும். பின்னே 20 பற்கள் உள்ள ஃபிரீவீலை மாற்றிப் பொருத்தினால் 4.9 மீட்டர் செல்லும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், கனமும் அதே அளவு குறையும். இந்நகரில் 2013-இல் 174 வீதிகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. பெருவீதியை விட்டுச் சந்துகளில் நின்று நின்று புறப்படுவோர்க்கு வேகத்தைவிட இலேசான புறப்பாடே பயன் தரும்.

பழுது பார்ப்பவரிடம் செல்கையில் "கனமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், அவர் எண்ணெய் விட்டு அனுப்பிவிடுவார். "பின் சக்கரம் இறுகியிருக்கிறது" என்று இடம் சுட்டிச் சொன்னால் அந்த இடத்தில் கை வைப்பார். வங்க மொழி தெரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. காற்றுக்கு ஹாவா, சக்கரத்துக்குச் சாக்கா, எண்ணெய்க்குத் தேல். பிரேக்கும் டைட்டும் அவர்க்கும் தெரிந்த சொற்களே. வாங்கி ஒரு மாதம் ஆனதும், மழைக்காலத்தில் அச்சு மூழ்கும் நீரில் ஓட்ட நேர்ந்த பின்னும், மறுபடி ஒருமுறை காட்டிவிடுவது நன்று.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு எளிதாக மிதித்தவர்க்கு எந்த வண்டியில் ஏறினாலும் கனக்கிறது, மூச்சும் வாங்குகிறது என்றால், அவர் செல்ல வேண்டிய இடம் சைக்கிள் கடையன்று. மருத்துவரிடமே செல்ல வேண்டும். வேறொரு வண்டியோடு ஒப்பிடச் சொன்னதன் பயன் இதிலும் உண்டு.

மேற்கு வங்க அரசு 2015-இல் தொடங்கிய சபுஜ் சாத்தித் திட்டத்தின் வாயிலாகப் பள்ளிப் பிள்ளைகள் பலர் புது வண்டி பெற்றனர். அத்தகைய பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்து, "வண்டி இழுக்கிறது" என்று சொன்னால், சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல் சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை சுழற்றிப் பார்ப்போமாக. உழைக்கும் கால்களின் சொல்லை நம்புவதே முறை.