ஓ.பி. சீட்டும் ஏஐ உரையாடலும்

சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற ஏஐ உரையாடிகள், சொன்னதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்வதுபோலத் தோன்றும். உண்மையில் அவற்றின் அடியில் இருக்கும் மொழி மாதிரி எதையும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கேள்வியைத் தட்டும்போதும், அந்த உரையாடல் முதல் வரியிலிருந்து மறுபடி அதனிடம் போகிறது. அத்தனையையும் புதிதாகப் படித்துவிட்டுத்தான் அடுத்த பதிலை அது எழுதுகிறது.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் நடப்பது ஏறக்குறைய இதுதான். இன்று பார்த்த டாக்டர் அடுத்த வாரம் அந்த நாற்காலியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. வந்திருக்கும் புதியவருக்கு, நோயாளி நீட்டும் ஓ.பி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான் தெரியும். சீட்டு தொலைந்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

உரையாடியிடம் விடுப்புக் கடிதம் எழுதி வாங்குகிறவருக்கு இந்த மறதி பொருட்டல்ல. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலரைத் தொகுக்கிறவரை எடுத்துக்கொள்வோம். பழைய மாணவர்களின் கட்டுரைகள், தலைமையாசிரியர் பட்டியல், நன்கொடையாளர் பெயர்கள், படக்குறிப்புகள் என்று இரண்டு மாதம் ஓடும். முதல் வாரத்திலேயே சில முடிவுகள் எடுத்தாகியிருக்கும். தலைப்பெழுத்துகள் தமிழில்தான். பள்ளி தொடங்கிய ஆண்டைக் கல்வெட்டும் சேர்க்கைப் பதிவேடும் இரண்டு விதமாகச் சொல்வதால், பதிவேட்டில் இருப்பதையே கொள்வது. எந்தக் கட்டுரையும் 400 சொல்லைத் தாண்டக் கூடாது. ஐந்தாவது வாரம் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்தால், இதில் எதுவும் அங்கே இருக்காது. உரையாடி அதற்காகத் தயங்காது. தலைப்பெழுத்தை ஆங்கிலத்தில் போடும், வேறோர் ஆண்டை எழுதும், 700 சொல்லில் கட்டுரை தரும். தெரியவில்லை என்று கேட்டால்கூடப் பரவாயில்லை. கேட்காமல் இட்டு நிரப்பிவிடுவதுதான் தொல்லை.

புதிய உரையாடலே திறக்காமல், ஒன்றையே இரண்டு மாதமும் நீட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். அதற்கு முதல் தடை கொள்ளளவு. மாதிரி ஒரே தடவையில் படிக்கக்கூடிய எழுத்துக்கு உச்ச வரம்பு உண்டு. கான்டெக்ஸ்ட் விண்டோ என்று அதைச் சொல்கிறார்கள். அதை அளப்பது டோக்கன் கணக்கில். சொல்லையோ சொல்லின் துண்டையோ ஒரு டோக்கனாக எண்ணுவது வழக்கம். 2020இல் வந்த ஜிபிடி-3இன் வரம்பு 2,048 டோக்கன். 2023 மே மாதம் கிளாட் ஒரு லட்சத்தை எட்டியது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஜெமினி 1.5, பத்து லட்சம் வரை போனது.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தக் கொள்ளளவு சீக்கிரம் தீர்ந்துவிடும். பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அது ஐந்து குறி, 15 பைட். ஆங்கிலத்தையே பெரும்பாலும் படித்துப் பழகிய பழைய டோக்கன் முறைகள் தமிழ்ச் சொல்லைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடும். ஜிபிடி-4ஓ 2024 மே மாதம் வெளிவந்தபோது ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே தமிழ் வாசகம் பழைய முறையில் 116 டோக்கன், புதிய முறையில் 35. நிலைமை தேறியிருக்கிறது என்றாலும், எந்த உரையாடி எப்படி நறுக்குகிறது என்பது திரையில் தெரிவதில்லை.

கொள்ளளவு தாராளமாக இருந்தாலும் இன்னொரு குறை நிற்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நெல்சன் லியூவும் உடன் ஆய்வாளர்களும் 2023இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தேவையான தகவல் நீண்ட வாசகத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இருந்தால் மாதிரிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. நடுவில் கிடந்தால் அடிக்கடி தவறவிட்டன. பின்னால் வந்த மாதிரிகள் இதில் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நீண்ட உரையாடலில் சரியானதோடு தவறானதும் சேர்ந்தே கிடக்கும். திருத்துவதற்கு முன் சொன்ன ஆண்டு, வேண்டாமென்று தள்ளிய வரைவு, பாதியில் கைவிட்ட யோசனை எல்லாம் அங்கேயே இருக்கும். மாதிரி அவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறது. சில செயலிகள் இடம் நிறைந்ததும் பழைய பகுதியைத் தாமாகவே சுருக்கிவிடுகின்றன. அந்தச் சுருக்கத்தில் முடிவு தங்கலாம். அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது உதிர்ந்துவிடக்கூடும்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் வேலையின் நினைவை உரையாடலுக்கு வெளியே, தனி ஆவணமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். வேலை என்ன, யாருக்காக என்பது இரண்டு வரி. முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் அரை வரியில் காரணம். காரணம் எழுதாத முடிவை உரையாடி மதிக்காமல் போகலாம். பதிவேட்டு ஆண்டைத்தான் கொள்கிறோம் என்று மட்டும் எழுதியிருந்தால், கல்வெட்டில் வேறு ஆண்டு இருக்கிறதே என்று அது திருத்தக் கிளம்பக்கூடும். ‘கல்வெட்டு பிற்பாடு வைத்தது’ என்று சேர்த்துவிட்டால் பேச்சு அடங்கும். தள்ளிவிட்டவற்றையும் எழுதி வைப்பது நல்லது. பெயர்களின் எழுத்துக்கூட்டல், வேலை எதுவரை வந்திருக்கிறது, அடுத்தது என்ன, குறிப்பு எழுதிய தேதி ஆகியவையும் வேண்டும். நன்கொடையாளர்களின் தொலைபேசி எண்களுக்கு இங்கே இடமில்லை.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் இந்தக் குறிப்பைப் புதுப்பித்துத் தரும்படி உரையாடியிடமே கேட்கலாம். வரைவை நன்றாகவே எழுதும். ஆனால் எண்களையும் பெயர்களையும் மனிதக் கண் ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய வரியை அடித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்டே போனால் குறிப்பும் இன்னொரு நீண்ட உரையாடலாகிவிடும்.

நிறுவனங்களும் இதற்கு வசதி செய்திருக்கின்றன. சாட்ஜிபிடியில் நிலையான அறிவுறுத்தல்கள் எழுதும் இடம் 2023 ஜூலையில் வந்தது. ஒரு வேலைக்கான கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் ‘புராஜெக்ட்ஸ்’ வசதி கிளாடில் 2024 ஜூனிலும், சாட்ஜிபிடியில் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தது. குறிப்பை அங்கே வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒட்ட வேண்டியதில்லை. தானாக நினைவு வைக்கும் ‘மெமரி’ வசதி வேறு வகை. எதை வைத்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. ஒரு வேலையின் பழக்கம் இன்னொரு வேலைக்குள் நுழைந்துவிடவும் கூடும். சொந்த விருப்பங்களுக்கு அது சரி. மலரின் ஆண்டுக் கணக்கை அதை நம்பி விட முடியாது. நிரல் எழுதுகிறவர்கள் நிரல் இருக்கும் கோப்புறையிலேயே இத்தகைய குறிப்புக் கோப்பு ஒன்றை வைத்துவிடுகிறார்கள். உரையாடி வேலையைத் தொடங்கும்போதே அதைப் படித்துவிடுகிறது.

குறிப்பு போதுமானதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, அந்தக் குறிப்பை மட்டும் கொடுத்து, இந்த வேலை என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லச் சொல்வது. அது எங்கே தடுமாறுகிறதோ, குறிப்பில் அங்கே ஒரு வரி குறைகிறது.