எட்டாம் நாளும் தணியாத காய்ச்சல்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். 2012-ஆம் ஆண்டில், தென்காசியும் சேர்ந்திருந்த அன்றைய நெல்லை மாவட்டத்தை டெங்கு வாட்டியதை நாம் மறக்கவில்லை. வற்றாத பொருநையின் கரையில் வாழ்ந்தும், குழாய்த் தண்ணீருக்குக் காத்திருந்து குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைக்கும் நிலை நம் தெருக்களில் உண்டு. அந்தத் தெளிந்த நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. இதனை நம் மக்களின் அசுத்தம் என்று பழிப்போர் கூற்று ஏற்பதற்கில்லை.

டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணியும். தணியும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அபாயத்தைப் பலரும் அறிவர். அறியாதது வேறொன்று. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு எட்டாம் நாளும் பத்தாம் நாளும் உடல் கொதிக்கிறது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்குகின்றன. இரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. வைரஸை எதிர்க்க எழுந்த காவற்படை, பணி முடிந்தும் அடங்குவதில்லை. விழுங்கணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குழந்தையின் சொந்த இரத்த அணுக்களையே விழுங்குகின்றன. ஹீமோபேகோசைட்டிக் லிம்போஹிஸ்டியோசைட்டோசிஸ் என்பது இந்நோயின் பெயர். வாயில் நுழையாத பெயராதலால் மருத்துவர்களே எச்.எல்.எச். என்று சுருக்கிவிட்டனர். ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் பரம்பரையாக வந்ததை 1952-இல் ஃபர்குவார், கிளேரோ ஆகிய இருவர் எழுதினர். பரம்பரைக் குறை அறியப்படாத குழந்தைகளுக்கும் எப்ஸ்டீன்-பார், டெங்கு முதலிய வைரஸ்களின் தூண்டுதலால் இது வரும் என்பது பின்னர் தெரிந்தது.

இதனைக் காட்டிக்கொடுப்பது ஃபெரிட்டின் என்னும் இரத்தச் சோதனை. டெங்குவில் அந்த அளவு பொதுவாகவே உயரும். ஆயினும் மில்லிலிட்டருக்கு 10,000 நானோகிராமைத் தாண்டினால் மருத்துவர் இந்நோயை நினைத்தே ஆகவேண்டும். காலத்தில் கண்டால், டெங்குவால் வந்தது பலருக்கு டெக்ஸாமெதசோன் போன்ற மலிவான பழைய மருந்துக்கே அடங்குகிறது. சிலருக்கே எட்டோபோசைடு முதலிய கடும் மருந்துகள் தேவை. மலிவு என்பதற்காக மருந்துக்கடையில் நாமே வாங்கிக் கொடுப்பது கேடு. இரத்தப் புற்றுநோய் இருந்தால் அம்மருந்து அதனை மறைத்துவிடும்.

நடவுக் கூலியை இழந்து எத்தனை நாள் ஒரு தாய் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இருப்பாள்? சற்றே சூடு குறைந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு நாவில்லை. நம் சங்கத்தில் படித்த பிள்ளைகள் அவளுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காய்ச்சல் தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். இரத்த அறிக்கைகளைத் தேதிப்படி அடுக்குங்கள். உடன் சென்று, "ஐயா, இன்றோடு எட்டு நாள், அணுக்கள் மூன்று முறையும் குறைந்திருக்கின்றன, ஃபெரிட்டின் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள்.