சுமக்கிற தோளும் இளைப்பாற வேண்டும்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் போடி பக்கத்துச் சிலமலைக்காரி. முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள். சேவையின் மேன்மையைப் பற்றி இந்த மேடையில் பலர் பேசிவிட்டார்கள். சேவை செய்கிறவர் களைத்துப்போவதைப் பற்றி நான் பேசுகிறேன்.

2018 மார்ச் 11-ம் தேதி எங்கள் மலையில், குரங்கணிப் பக்கம், காட்டுத் தீ பிடித்தது. மலையேற வந்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஊர்க்காரர்கள் ஓடிப்போய்த் தூக்கி வந்தார்கள். போடி, தேனி, மதுரை ஆஸ்பத்திரிகளில் தீக்காயத்துக்கு வைத்தியம் நடந்தது. இறந்தவர் கணக்கும் காயம்பட்டவர் கணக்கும் பேப்பரில் வந்தது. தூக்கின தோளும் மருந்து கட்டின கையும் அப்புறம் ராத்திரி தூங்கினதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அடுத்தவர் வேதனையைப் பார்த்துப் பார்த்து நம் மனசு மரத்துப்போவதற்கு 'இரக்கச் சோர்வு' என்று பெயர். 1992-ல் கார்லா ஜாய்ன்சன் என்பவர் நர்ஸ்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1995-ல் சார்லஸ் ஃபிக்லி இதைப் பற்றித் தனிப் புத்தகமே கொண்டுவந்தார். தூக்கம் வராது. பார்த்த காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கும். வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம். பேஷண்ட் அழுதால் நமக்கு ஒன்றுமே தோன்றாது. உடனே, 'என் விசுவாசம் குறைஞ்சு போச்சோ?' என்று பயம் வரும். விசுவாசிகளுக்கு இந்தப் பயம்தான் பெரிய பாரம்.

அவர்களுக்கு நான் எலியாவைக் காட்டுவேன். 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம். கர்மேலில் அத்தனை பெரிய காரியம் செய்தவர், சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்க விட்டார். சுடச்சுட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டு, மறுபடி சாப்பாடு கொடுத்தார். ஓரேபுக்குப் போனபின், அவர் மனக்குறையை இரண்டு தடவை சொல்ல விட்டுக் கேட்டார். கடைசியில் எலிசாவைத் துணைக்குக் காட்டினார். தூக்கம், சாப்பாடு, மனம்விட்டுப் பேச ஓர் இடம், சுமையில் பங்கெடுக்க ஓர் ஆள். இன்றைக்கு மனநல டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். தன் சுமையைத் தாங்க நூறு கைகளை உண்டாக்கினார். கோடைக்கானலில் அவருக்கு ஒரு வீடும் இருந்தது. 1960-ல், 89 வயதில், அங்கேதான் காலமானார்.

நான் பழகிக்கொண்டது சில உண்டு. டியூட்டி முடிந்து கை கழுவும்போது, ஒவ்வொரு பேஷண்ட் பெயரையும் ஜெபத்தில் சொல்லி, 'ஆண்டவரே, ராத்திரி நீர் பார்த்துக்கொள்ளும்' என்று ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. என்ன அவசரம் வந்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளமாட்டேன். மனசு பாரமானால் நம்பிக்கையான ஒருத்தியிடம் பேசிவிடுவேன். இரண்டு வாரத்துக்கு மேல் பாரம் இறங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ஜெபிக்கிறவர்கள் மருந்து சாப்பிடக்கூடாது என்று எந்த வசனமும் இல்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவார்கள். ஒரே நாளில் செடியை உருவிவிட மாட்டார்கள். முற்றின காயை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அடுத்த சுற்று வருவார்கள். அதனால்தான் சீசன் முழுக்கச் செடி காய் கொடுக்கிறது. உங்களையும் நீங்கள் அப்படி நடத்துங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவரிடம், 'நீ எப்படி இருக்கே?' என்று கேளுங்கள். 'நல்லா இருக்கேன்' என்றால் அதோடு விட்டுவிடாமல், இன்னொரு தடவை கேளுங்கள்.