ஓடுபாதையை மூடினால் போதாது



2022ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி காலை. தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையத்திலிருந்து இண்டிகோ விமானங்கள் இரண்டு ஏறக்குறைய ஒரே சமயத்தில் மேலே கிளம்பின. ஒன்று கொல்கத்தாவுக்கு, இன்னொன்று புவனேஸ்வருக்கு. இரண்டிலும் சேர்த்து 426 பேர் இருந்தார்கள். வெவ்வேறு ஓடுபாதையிலிருந்து கிளம்பினாலும், ஏறிய பிறகு ஒன்றையொன்று நெருங்கும் திசையில் அவை பறந்தன. ரேடார் திரையின் முன்னால் இருந்த கட்டுப்பாட்டு அலுவலர் அதைக் கண்டுகொண்டார். இரண்டு விமானங்களையும் உடனே எதிரெதிர்ப் பக்கமாகத் திருப்பச் சொன்னார். 426 உயிர்கள் பிழைத்தன.

கோலார் தங்க வயலில் இருக்கும் நமக்கு அதுதான் விமான நிலையம். இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளை வழியனுப்ப நம்மில் பலர் அங்கே போய் நின்றிருக்கிறோம். அதனால் அன்று காலை அங்கே என்ன நடந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நிலையத்தில் வடக்கு, தெற்கு என்று இணையாக இரண்டு ஓடுபாதைகள் உண்டு. தெற்குப் பாதை 2019இல் திறக்கப்பட்டது. அன்று காலை வடக்குப் பாதையிலிருந்து விமானங்கள் கிளம்பின, தெற்குப் பாதையில் இறங்கின. அந்த ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்தவர், இனி வடக்குப் பாதை ஒன்றே போதும், தெற்குப் பாதையை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார். அது தவறான முடிவு இல்லை. ஆனால் அந்த முடிவு தெற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் தம் பாதை திறந்திருப்பதாக எண்ணி, கொல்கத்தா விமானத்துக்குக் கிளம்ப அனுமதி கொடுத்தார். அதே நேரத்தில் வடக்குக் கோபுரத்தில் இருந்தவர் புவனேஸ்வர் விமானத்துக்கு அனுமதி கொடுத்தார். இருவருக்கும் தெரிந்த நிலவரம் ஒன்றாக இல்லை.

இதைவிட வருத்தமான செய்தி பிறகு வெளியானது. இந்த நிகழ்ச்சி எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை, முறைப்படி மேலிடத்துக்கும் தெரிவிக்கப்படவில்லை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரக அதிகாரிகள் சொன்னார்கள். அதன் பிறகுதான் விசாரணை தொடங்கியது.

நேயர்களே, தெரிய வேண்டியவருக்குச் செய்தி போய்ச் சேராத இந்த ஆபத்து நம் ஊருக்குப் புதியது இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அங்கே வேலை நடந்த காலத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜினை மேலே ஓட்டியவருக்குக் கீழே இருக்கும் கேஜ் என்ற கூண்டு கண்ணுக்குத் தெரியாது. அதில் ஆள் ஏறிவிட்டாரா, கதவு மூடியாகிவிட்டதா என்பதை மணி அடித்துத்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மணி வராமல் கேஜை நகர்த்தக் கூடாது என்றிருந்தது. கோபுரத்தில் இருப்பவருக்கும் விமானிக்கும் இடையில் இருக்க வேண்டிய ஒழுங்கும் இதுதான்.

ஓடுபாதை மூடியிருப்பது ஒரு நிலைமை. கோபுரமே மூடியிருப்பது இன்னொரு நிலைமை. எல்லா விமான நிலையத்திலும் இரவும் பகலும் கோபுரத்தில் ஆள் இருப்பதில்லை. இந்தியாவில் சிறிய நிலையங்களுக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று பணி நேரம் உண்டு. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையங்கள் ஏறக்குறைய 5,000. அவற்றில் சுமார் 500 நிலையங்களில்தான் கோபுரம் இருக்கிறது. மற்ற இடங்களில் விமானிகள் எல்லோரும் ஒரே வானொலி அலைவரிசையில் பேசிக்கொள்ள வேண்டும். நான் இந்தப் பாதையில் இறங்குகிறேன், நான் இந்தப் பாதையில் கிளம்புகிறேன் என்று ஒவ்வொருவரும் தாமே அறிவிக்க வேண்டும். மற்றவர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

அந்த ஏற்பாடு பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது. தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரம் சாட்சி. 1996 நவம்பர் 19ஆம் தேதி மாலை, கோபுரம் இல்லாத அந்த நிலையத்தில் ஒரு சிறிய பயணிகள் விமானம் இறங்க வந்தது. அது இறங்கவிருந்த பாதைக்குக் குறுக்கே செல்லும் இன்னொரு பாதையில் கிங் ஏர் என்ற விமானம் கிளம்பத் தயாராக நின்றது. நீங்கள் கிளம்பப் போகிறீர்களா, காத்திருக்கிறீர்களா என்று இறங்க வந்தவர்கள் கேட்டார்கள். கிங் ஏரிலிருந்து பதில் வரவில்லை. அதன் பின்னால் வரிசையில் நின்ற மூன்றாவது விமானத்தின் விமானி, தாம் காத்திருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பகுதி வேறொரு எச்சரிக்கை ஒலியில் அமுங்கிப்போனது. கிங் ஏர்தான் பதில் சொன்னது என்று நம்பி அவர்கள் இறங்கினார்கள். கிங் ஏரோ எதுவும் அறிவிக்காமல் ஓடத் தொடங்கியது. பாதைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் மோதின. இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

அறிவிப்பு கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி இரவு தைபேயில் கடும் புயல் மழை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் SQ என்ற குறியீடு கொண்ட 006ஆம் எண் விமானம், தனக்குக் கொடுத்த ஓடுபாதைக்குப் பதிலாகப் பக்கத்துப் பாதையில் திரும்பி ஓடியது. அந்தப் பாதையில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. மூடியிருக்கிறது என்ற அறிவிப்பு விமானிகளிடம் முன்கூட்டியே இருந்தது. ஆனால் பாதையின் நுழைவாயிலில் தடுப்பு எதுவும் இல்லை. மழையில் அவர்கள் கண்ணுக்குப் பாதை திறந்தே கிடந்தது. விமானம் கான்கிரீட் தடுப்புகளிலும் மண் தோண்டும் இயந்திரங்களிலும் போய் மோதியது. விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் உயிரிழந்தார்கள்.

இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது தெளிவாகத் தெரியும். ஓடுபாதையை மூட முடிவெடுத்தால், அதை நம்பி வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் முடிவு நடைமுறைக்கு வர வேண்டும். மூடிய பாதை, காகிதத்தில் மட்டுமல்லாமல் தரையிலும் மூடியிருக்க வேண்டும். குறுக்குக்கோடும் தடுப்பும் விளக்கும் இரவிலும் மழையிலும் கண்ணில் பட வேண்டும். ஆள் இல்லாத கோபுரத்தின் அலைவரிசையில், கிளம்பும் முன் ஒருமுறை அறிவிப்பதைச் சோம்பல் தடுக்கக் கூடாது. நூலிழையில் தப்பிய நிகழ்ச்சியை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தவரைத் தண்டிக்காமல், அவர் எழுதியதிலிருந்து எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். மறைத்த தவறு மறுநாள் வேறொருவர் கையால் திரும்பவும் நடக்கும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஓடுபாதை மூடியிருக்கிறது, பணி நேரம் முடிந்துவிட்டது, அதனால் விமானம் தாமதம் என்று சொல்லும்போது, கவுன்டரில் நிற்கும் ஊழியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தத் தாமதம் நம் உயிரைக் காக்கப் போட்ட கட்டுப்பாடு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விமான நிலையத்தில் வேலை செய்தால், ஷிப்டு மாறும்போது அடுத்து வருபவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் புரிந்துகொண்டார் என்று தெரிந்த பிறகே வீட்டுக்குக் கிளம்பும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.