தேர்ச்சி அறிக்கையும் நன்னூல் கணக்கும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



தூத்துக்குடிக் கடற்கரையின் பள்ளிகளில் ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் ஒரு சிறு நிகழ்ச்சி நடைபெறுகிறது. பள்ளி தந்த தேர்ச்சி அறிக்கையை, ஊர் வழக்கில் சொன்னால் 'ராங்க் கார்டை', பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவருகிறது. தந்தை கடலுக்குப் போயிருக்கிறார். தாய் உப்பளத்திலிருந்து அப்பொழுதுதான் திரும்பியிருக்கிறாள். அவள் எழுத்தறியாதவள் எனில், அட்டையைப் படித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளையே. குறைந்த எண் மறைக்கப்படலாம். நல்ல எண்ணின் பொருள் விளங்காமலே போகலாம். கையொப்பமோ கைநாட்டோ பெற்று அட்டை பள்ளிக்குத் திரும்புகிறது. பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டது என்று பதிவேடு கூறும். என்ன அறிவிக்கப்பட்டது என்று தாயைக் கேட்டால் விடை கிடைக்காது.

கற்றலை அளந்து சொல்லும் கலை தமிழுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுக்கிறது. அங்கே எண் இல்லை, உவமை உண்டு. அன்னமும் பசுவும் தலை மாணாக்கர்க்கு. மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை மாணாக்கர்க்கு. இழித்துரைப்பது போலத் தோன்றினும், குறை எங்கே என்பதை இவ்வுவமைகள் காட்டிவிடுகின்றன. கேட்டதைத் தங்கவிடாதவன் ஓட்டைக்குடம்; ஒன்றிலும் நிலைகொள்ளாமல் அங்கங்கே மேய்பவன் ஆடு; நல்லதை ஒழுகவிட்டு அல்லாததைப் பற்றிக்கொள்பவன் நெய்யரி. குறை தெரிந்தால் மருந்தும் தெரியும். முப்பத்தெட்டு என்னும் மதிப்பெண் இவற்றுள் எதையும் சொல்வதில்லை.

அப்பாயிரத்தில் வேறொரு கணக்கும் உண்டு. ஆசிரியரிடம் முழுமையாகக் கேட்டவனுக்கும் புலமையில் காற்பங்கே வாய்க்கும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இக்கணக்கை இன்றைய அட்டையின்மேல் வைத்துப் பார்த்தால், பெற்றோர் கைக்கு வருவது பெரும்பாலும் முதற் காற்பங்கின் செய்தி மட்டுமே. தோழியருக்குப் பாடம் விளக்கும் சிறுமியின் திறத்திற்கு அட்டையில் கட்டம் இல்லை.

எனினும், எண்ணைத் தள்ளிவிடுவது தீர்வாகாது. எண் தெருவையும் குலத்தையும் கேட்பதில்லை. மீனவர் குடியிருப்பிலிருந்தும் உப்பளத்து வீடுகளிலிருந்தும் பல பிள்ளைகள் கல்லூரி வாயிலை அடைந்தது அந்த எண்ணைப் பற்றிக்கொண்டுதான். ஆசிரியரின் சொல்லை மட்டுமே நம்பியிருந்தால் அவருள் சிலருக்கு அவ்வாயில் திறந்திராது.

இவ்விரண்டையும் இணைக்கும் வழியை இக்கரையின் முத்து வாணிகமே அறிந்திருந்தது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அதற்கு முன் வழங்கிய முறையில், முத்துகள் முதலில் பெட்டி எனப்பட்ட பத்துச் சல்லடைகளால் பருமன்படி பிரிக்கப்பட்டன. பின்னர் அனுபவமிக்க கண்கள் உருட்சியும் ஒளியும் நோக்கி, ஆணி முதலாகத் தரம் பிரித்தன. எடையையும் எண்ணிக்கையையும் கொண்டு 'செவ்வு' என்னும் கணக்குப் போடப்பட்டது. அச்செவ்வின் விலையோ தரத்தைப் பொறுத்தது. சல்லடையும் வேண்டியிருந்தது, கண்ணும் வேண்டியிருந்தது. சல்லடையோடு வாணிகத்தை முடித்துக்கொண்ட வணிகர் எவரும் இலர்.

சட்டமும் கண்ணையும் சொல்லையும் கேட்கிறது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 24ஆம் பிரிவில், ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அட்டை அனுப்புவதோடு அக்கடமை தீர்வதில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கரையில் அத்தகைய பள்ளிகள் பல. சட்டம் எட்டாத இடத்திலும் தாயின் கேள்வி எட்டும்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வுகளில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அது நன்று. ஆனால், போட்டியை அடக்கியதோடு பணி முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் உரிய சொல் இன்னும் சொல்லப்பட வேண்டும்.

அதற்கு நாழிகை பார்க்க வேண்டும். வேலைநாளின் நண்பகலில் பெற்றோர் கூட்டம் அழைத்தால், உப்பளத் தாய் ஒருநாள் கூலியை இழந்தே வர முடியும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுத் தந்தையர் கரையில் இருக்கும் அந்நாள்களில் பெரும்பகுதி பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இக்கரையில் உண்டு. அந்த மாலைப்பொழுதே இந்த ஊருக்குரிய பெற்றோர் கூட்ட நேரம்.

அக்கூட்டத்தில் ஆசிரியர் மட்டும் பேசினால் போதாது. திண்ணைப் பள்ளிக் காலத்தில், மகர்நோன்பு நாள்களில் பிள்ளைகள் கோலாட்டமாடிப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் சென்றனர். ஆசிரியர்க்குப் பரிசில் திரட்டுவதே நோக்கம். ஆயினும் பிள்ளை கற்றதை வீட்டார் வாசலிலே கேட்டனர். எழுத்தறியாத தாய்க்கும் விளங்கிய தேர்ச்சி அறிக்கை அது.

பிறர்முன் எடுத்துரைப்பதில் அரைப்பங்கு இருக்கிறது என்பதை இலக்கிய வட்டத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை. பத்தாண்டுகளாக இங்கே கவிதைகள் அவையில் படிக்கப்பட்டே முழுமை பெற்றுவருகின்றன. இந்த அவை ஆண்டில் ஒரு ஞாயிறு மாலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம். தான் கற்றதை ஒரு சிறுமி சொல்லட்டும். அவள் தாய் முன்வரிசையில் இருந்து கேட்கட்டும். அதன்பின் அட்டையில் இடப்படும் கைநாட்டு, கேட்டறிந்த ஒருத்தியின் ஒப்பமாக இருக்கும்.