பாஸ்காவும் உயிர்ப்புப் பெருவிழாவும்

யூதர்களின் பாஸ்கா விழா நிசான் மாதம் 14ஆம் நாள் பொழுது சாய்ந்ததும், வசந்தகால முழுநிலவில் தொடங்குகிறது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேலர் மோசேயின் தலைமையில் வெளியேறிய இரவின் நினைவு அது. அன்றைய விருந்துக்குச் செதேர் என்று பெயர். புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் நான்கு கிண்ணம் திராட்சை மதுவும் அதில் இடம்பெறும். இந்த இரவுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க, பெரியவர்கள் விடுதலையின் கதையைச் சொல்வார்கள். கி.பி. 70இல் எருசலேம் கோயில் அழிந்து ஆட்டுக்குட்டிப் பலி நின்றபின் வீடே விழாவைக் காத்தது.

கிறிஸ்தவர்களின் உயிர்ப்பு விழா இவ்விழாவின் மடியில் பிறந்தது. இயேசுவின் இறுதி இராவுணவைப் பாஸ்கா விருந்தாகவே மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகள் காட்டுகின்றன. யோவானோ, பாஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் நாளில் அவர் சிலுவையில் இறந்ததாகச் சொல்கிறார். கோயிலில் ஆட்டுக்குட்டிகள் வெட்டப்பட்ட நாள் அது. நாள் முரண்பட்டாலும், அந்தச் சாவைப் பாஸ்காவின் வழியாகவே புரிந்துகொள்ள முடியும் என்பதில் நால்வரும் ஒன்றுபடுகிறார்கள். இன்றும் கத்தோலிக்கரின் உயிர்ப்புத் திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் சிலவற்றை விட்டுவிடலாம். செங்கடலைக் கடந்த பகுதியை மட்டும் விடக்கூடாது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் புளிக்காத பெசகா அப்பத்தை வீட்டிலேயே செய்கிறார்கள். குடும்பத் தலைவர் அதைப் பகிர்ந்தளிக்கிறார்.

நாளைக் குறிப்பதில் பிணக்கு எழுந்தது. 2ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர்கள் நிசான் 14ஐயே பின்பற்றினர். உரோமையர் ஞாயிறைப் பின்பற்றினர். ஸ்மிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்குச் சென்று ஆயர் அனிசேத்துவிடம் பேசினார். உடன்பாடு வரவில்லை, ஆயினும் இருவரும் மனக்கசப்பின்றிப் பிரிந்தனர். அந்தப் பெருந்தன்மை பிற்காலத்தில் அரிதாகிப்போனது. பின்வந்த உரோமை ஆயர் விக்டர் ஆசியத் திருச்சபைகளை விலக்க முனைந்தபோது லியோன் ஆயர் இரனேயு எதிர்த்து எழுத வேண்டியிருந்தது. 325இல் நிசேயா பொதுச்சங்கம் யூதக் கணக்கைச் சாராத ஒரே ஞாயிறை வலியுறுத்தியது. அதனால் 2024இல் மேற்குத் திருச்சபைகளின் உயிர்ப்பு விழா மார்ச் 31இலும், பாஸ்கா ஏப்ரல் 22 மாலையிலும் வந்தன. இருப்பினும் இரு கணக்குகளும் நிலவையும் 19 ஆண்டுச் சுழற்சியையுமே நம்பியிருக்கின்றன.

பிரிவு கொடும் பகையாகவும் முற்றியது. யூதர்கள் பாஸ்காவுக்காகக் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்ற பொய் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பரவியது. 1903இல் கிஷினேவ் நகரில் அப்பொய்யால் மூண்ட படுகொலை உயிர்ப்பு ஞாயிறன்றே தொடங்கியது. இயேசுவின் சாவுக்கான பழியை யூதர் அனைவர்மேலும் சுமத்தக்கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அதற்குள் காலம் மிகவும் கடந்திருந்தது.

விழாவுக்குப்பின் நாட்களை எண்ணும் வழக்கமும் இரு மரபுக்கும் பொதுவானது. பாஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து யூதர்கள் 49 நாட்களை எண்ணி, 50ஆம் நாள் சவுவோத் விழா எடுக்கிறார்கள். முதலில் அது கோதுமை அறுவடை விழா. பின்னர் சீனாய் மலையில் திருச்சட்டம் அருளப்பட்ட நாளாகவும் போற்றப்பட்டது. உயிர்ப்பு ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் 50ஆம் நாளில் கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தே வருகிறது. தூய ஆவி இறங்கிய அன்று எருசலேமில் பல நாட்டு யூதர்கள் திரண்டிருந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் விவரிக்கிறது; அன்று அந்நகரில் நடந்துகொண்டிருந்தது சவுவோத் விழா.